இன்னும் ரெண்டு மிளகாய்

ரேணு: அதுக்கு மேல போட்டா அது குழம்பு இல்ல மாமா, தீமிதி.

புகழேந்தி: இன்னும் ரெண்டே ரெண்டு மிளகா. கிள்ளிப் போடு ரேணு.

ரேணு: அரைச்சது ஒரு கை. தாளிச்சது தனி. நம்ம கவிநிலா நேத்து ரசத்துக்கே தண்ணி சொம்ப கட்டிப்புடிச்சுனு அழுதா.

புகழேந்தி: புள்ளைக்கு தனியா எடுத்து வச்சுடு.

ரேணு: கப்பல்லேருந்து வந்ததுலேருந்து இதே பாட்டு. காரம் போடு, காரம் போடு. காரம் ஜாஸ்தியானா கறியோட ருசி செத்துடும்னு எனக்கே பாடம் எடுத்த ஆளு நீங்க.

புகழேந்தி: வெள்ளக்காரனுக்கு உப்பு சப்பில்லாம சமைச்சு சமைச்சு நாக்கு காஞ்சு போச்சு. வேற இன்னா...

ரேணு: வேற ஒண்ணும் இல்லையே?

புகழேந்தி: வேற இன்னா இருக்கும்? அந்த அட்டைய எடு. கரி இன்னும் சரியா புடிக்கல.

ரேணு: மெதுவா விசிறுங்க. சாம்பல் பறந்து பக்கத்து மாடி துணி மேல விழுது. அந்த வீட்டு கவியாவோட அம்மா எட்டி எட்டி பாக்குறாங்க.

புகழேந்தி: பாக்கட்டுமே. நேத்து பௌர்ணமி, நேத்தா சுட்டோம்? மலை சுத்த வந்த ஜனமெல்லாம் பஸ் ஏறிப் போயாச்சு. இன்னிக்கு கறிக்கடைங்கள்ல இன்னா கும்பல் தெரியுமா?

ரேணு: ஆமா, ரோடு வரைக்கும் நின்னுனு இருந்தாங்க...

புகழேந்தி: நீ எப்ப பாத்த?

ரேணு: நீங்கதான மாமா காலைல வந்து சொன்னீங்க.

புகழேந்தி: நானா? ரோடு வரைக்கும்னு சொன்னனா?

ரேணு: சொன்னீங்க. அத வுடுங்க. அண்ணன் வர்றதுக்குள்ள கறி வெந்துடுமா?

புகழேந்தி: வெந்துடும். மச்சான் எப்ப வரேன்னாரு?

ரேணு: ஆபீஸ் வுட்டு நேரா இங்கதான். வெளிச்சம் போறதுக்குள்ள வந்துடும்.

புகழேந்தி: இன்னிக்கு கறி நல்லா அமைஞ்சாதான் மச்சானோட கடை இடம் நமக்கு. இல்லைன்னா அதே இடத்த கேக்கற ஜெராக்ஸ்காரன் வந்து சட்டர தூக்கிடுவான்.

ரேணு: எங்க அண்ணன் அப்டித்தான். தங்கச்சி வீடாச்சேனு பாக்காது. என் நாக்கு ஒத்துக்கிச்சுன்னா சாவி, இல்லன்னா இல்லைனு சொல்லிடுச்சு.

புகழேந்தி: கல்யாணப் பந்தியிலயே உப்பு கம்மினு இலைய மடிச்ச ஆளாச்சே.

ரேணு: நம்ம கல்யாணப் பந்தியில.

புகழேந்தி: நம்ம கல்யாணப் பந்தியிலயேதான்! எங்கப்பா ஓடி வந்து, இன்னா ஆச்சு சம்பந்தி, மரியாதையில எதுனா குறையாப் போச்சானு கேட்டாரு. சாம்பார்ல உப்பு குறைஞ்சு போச்சுன்னாரு மச்சான்.

ரேணு: அந்த நாக்குக்குத்தான் இப்ப சமைக்கிறோம்.

புகழேந்தி: பயமுறுத்தாத.

ரேணு: இடம் கெடைக்கலன்னா? திரும்ப கப்பலா?

புகழேந்தி: ...அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

ரேணு: கேக்கக் கூடாதா?

புகழேந்தி: கப்பல் வேணாம் ரேணு. போதும். இங்கயே இருந்துடலாம். மலை சுத்துற பாதையில கறிக்கடை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. மச்சான் இடம் இருக்கற வேங்கிக்கால்னா கலெக்டர் ஆபீஸ் ஜனம், புதுசு புதுசா வீடு. சாயங்காலம் ஆனா சுடச்சுட எதுனா திங்கலாமான்னு அலையுது. மச்சான் இடத்த வுட்டா வேற இடமே இல்ல.

ரேணு: பௌர்ணமிக்கு லீவு வுட்டுடணும்.

புகழேந்தி: பௌர்ணமிக்கு லீவு. பொரட்டாசி பூரா பன்னீர், காளான். எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன்.

ரேணு: கடைக்கு இன்னா பேரு? இந்த மாதிரி கம்பி மேல வச்சு சுடறதுக்கு கப்பல்ல இன்னா பேரு?

புகழேந்தி: ஊருக்கு ஒரு பேரு. தென்னாப்பிரிக்காவுல ப்ராய்ன்னுவாங்க. ஞாயித்துக்கிழமையானா வீட்டுக்கு வீடு புகை. அடுத்த வீட்டுக்காரன் அவன் கறிய அவனே எடுத்துனு வந்து உன் நெருப்புல சுட்டுக்குவான்.

ரேணு: கறி அவன் கொண்டு வருவான், கரி நம்முளுதா? நல்ல பழக்கமா கீதே. எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க.

புகழேந்தி: அர்ஜென்டினாவுல அசாடோ. எங்க கிச்சன்லயே ஒரு அர்ஜென்டினாக்காரன் இருந்தான். கப்பல் அவங்க ஊர்ல நின்னப்போ வீட்டுக்கு இட்டுனு போனான். மசாலாவே கெடையாது. கல்லுப்பு ஒண்டி. கொழுந்து வுட்டு எரியற நெருப்பும் ஆவாது, தணல்லதான். மத்தியானம் வச்சா பொழுது சாயற வரைக்கும் சுத்தி நின்னு கத பேசுவாங்க.

ரேணு: உப்பு ஒண்டியா? எப்டி வாயில வைக்கிறது?

புகழேந்தி: கேளு. சாப்டும்போது ஒருத்தன் எழுந்து சத்தம் போடுவான், சுட்டவனுக்கு ஒரு கைத்தட்டுன்னு. வீடே தட்டும். குழந்தைங்கள்லேருந்து கெழவன் வரைக்கும்.

ரேணு: கை தட்டுவாங்களா? சமைச்சதுக்கா?

புகழேந்தி: மெய்யாலுமே.

ரேணு: கல்யாணம் ஆனதுலேருந்து இந்த வீட்ல நான் ஆக்கிப் போடறேன். நீங்க தட்டத்தான் தட்டுவீங்க, இன்னொரு தோசைக்கு.

புகழேந்தி: ஹா... அதுவும் மரியாததான்.

ரேணு: நல்ல மரியாத. அப்புறம்? வேற எந்த ஊரு?

புகழேந்தி: கொரியா. அங்க மேசை நடுவுலயே நெருப்பு. வர்றவன் அவனே சுட்டு, கத்திரிக்கோலால வெட்டி, இலையில மடிச்சு வாயில போட்டுக்கணும்.

ரேணு: கத்திரிக்கோலா? ஜாக்கெட்டு வெட்றதா?

புகழேந்தி: கறிக்குன்னே தனியா வச்சிருப்பாங்க.

ரேணு: சரி, சாப்ட வர்றவனே சுட்டு, சாப்ட வர்றவனே வெட்டிக்கினா கடைக்காரனுக்கு இன்னா வேலை?

புகழேந்தி: காசு வாங்கறது.

ரேணு: மாமா, நம்ம கடையும் அப்டியே வச்சுடலாம். எனக்கு முதுகு வலி மிச்சம்.

புகழேந்தி: நம்ம ஊர்ல ஆவாது. சுட்டுட்டு, நான் சுட்டதுக்கு நீ எனக்கு கூலி குடுன்னு கேப்பானுங்க.

ரேணு: அமெரிக்காவுல?

புகழேந்தி: அங்க ராத்திரி பூரா புகையிலயே வச்சு வேக வைக்கிற ஊரெல்லாம் இருக்கு. ஆனா சண்டைதான் பெருசு. ஒரு ஊர்க்காரன் புளிப்பா சாஸ் ஊத்துவான். இன்னொருத்தன் இனிப்பா. எது சரின்னு கேட்டா அடிதடி.

ரேணு: நம்ம பெரியம்மா வீட்ல கறிக்குழம்புக்கு தேங்கா அரைச்சு ஊத்துனாங்கன்னு உங்க அத்த ரெண்டு தீபாவளிக்கு பேசாம இருந்தாங்களே, அந்த மாதிரி.

புகழேந்தி: அதே மாதிரிதான்! உலகம் பூரா அத்தைங்க இருக்காங்க.

ரேணு: நம்ம மாதிரி காரமா திங்கறவங்களே இல்லையா?

புகழேந்தி: இல்லாம? ஜமைக்கா. கோழிதான் அங்க பேமஸ். குட்டிக் குடமொளகா மாதிரி ஒண்ணு அரைச்சு தடவுவாங்க. வாயில வச்சா காதுலேருந்து புகை வரும். அடியில ஒரு மரத்துக் கட்டைய எரிப்பாங்க. அந்தப் புகைதான் விசேஷம்.

ரேணு: எப்டி இருக்கும் அந்தப் புகை?

புகழேந்தி: எப்டின்னா... நீலமா இருக்கும். மேல போவாது. தரையோட படிஞ்சுனு போவும்.

ரேணு: அத கேக்கல. வாசன எப்டி இருக்கும்?

புகழேந்தி: வாசனையா... நல்லா இருக்கும்.

ரேணு: நல்லான்னா? பட்டை மாதிரியா, கிராம்பு மாதிரியா?

புகழேந்தி: ...ரெண்டும் கலந்தாப்ல. ரேணு, தணல் வந்துடுச்சு. அந்த டப்பாவ குடு, கறிய அடுக்கிடறேன்.

ரேணு: இந்தாங்க.

புகழேந்தி: இன்னாடி இது? இந்தக் கீறலெல்லாம் சரிஞ்சாப்ல இருக்கு. நான் காலைல நேராத்தான போட்டேன்?

ரேணு: மசாலா ஊறுனா சரியும் மாமா.

புகழேந்தி: கீறல் எங்கயாவது சரியுமா?

ரேணு: ஃபிரிட்ஜ்ல வச்சா சரியும். கொஞ்சம் தள்ளி வைங்க அந்த லெக் பீஸ, அங்க சூடு கம்மி.

புகழேந்தி: அது கம்மியாத்தான் இருக்கணும். எலும்போட இருக்கறது மெதுவா வேகணும். இங்க வந்து காத குடு.

ரேணு: காதையா?

புகழேந்தி: கேளு. கொழுப்பு சொட்டுற சத்தம். சொட்டு... சொட்டுனு வுட்டு வுட்டு வந்தா சரி. சடசடன்னு வந்தா மேல கருகும், உள்ள ரத்தமா இருக்கும். சத்தம் நின்னு போச்சுன்னா திருப்பிப் போடணும்.

ரேணு: இது எப்ப கத்துக்கினீங்க? முன்னெல்லாம் இந்தக் காது வைத்தியம் இல்லையே.

புகழேந்தி: போன வருஷம்.

ரேணு: போன வருஷம் உங்களுக்கு ஜுரம் வந்து படுத்தீங்களே, கப்பல்ல தனி ரூம்ல போட்டு வச்சாங்கன்னு... அதுக்கு முன்னயா, அப்புறமா?

புகழேந்தி: ...அப்புறம். ஏன்?

ரேணு: சும்மாத்தான். கைய நீட்டுங்க.

புகழேந்தி: எதுக்கு?

ரேணு: குழம்பு கொதிக்குது. உள்ளங்கையில ஒரு சொட்டு வுடறேன், உப்பு பாத்து சொல்லுங்க.

புகழேந்தி: ஆவாது ஆவாது! வேடியப்பனுக்கு படையல் போட்டுட்டுதான் நாக்குல வைக்கணும். புதுசா தொழில் ஆரம்பிக்கிறோம். குலசாமி சாப்டறதுக்கு முன்ன நாம எச்சில் பண்ணலாமா?

ரேணு: யாரு பேசறது இது? நீங்களா?

புகழேந்தி: ஏன், நான் பேசக் கூடாதா?

ரேணு: கல்யாணம் ஆன வருஷம் செங்கம் பக்கம் நம்ம வேடியப்பன் கோயில்ல பொங்க வச்சோம். படையலுக்கு எடுத்து வச்ச ஈரல காணோம்னு உங்கம்மா தேடுனாங்க. யாரு வாயில இருந்துச்சு?

புகழேந்தி: அது வெளையாட்டு வயசு.

ரேணு: கரண்டிய எடுத்துனு கோயில சுத்தி தொரத்துனாங்க. சமையக்காரன் ருசி பாக்காம போட்டா சாமியே திட்டும்னு கத்திக்கினே ஓடுனீங்க. மொத்த பங்காளிங்களும் சிரிச்சாங்க.

புகழேந்தி: இப்ப பக்தி வந்துடுச்சு. நடுக்கடல்ல நின்னு பாரு, எல்லா சாமியும் ஞாபகத்துக்கு வரும்.

ரேணு: சரி. நாக்குல வைக்க வேணாம். மோந்து பாருங்க. உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு ஆவியிலயே தெரியும்னு எனக்கு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? மோந்து பாத்தா எச்சில் ஆவாது.

புகழேந்தி: ...கிட்ட கொண்டா.

ரேணு: ம்.

புகழேந்தி: ம்ம்... சரியா இருக்கு.

ரேணு: சரியா?

புகழேந்தி: கச்சிதம்.

ரேணு: அப்ப சரி... அந்த உப்பு டப்பாவ இப்டி குடுங்க.

புகழேந்தி: அதான் கச்சிதமா இருக்குன்னனே.

ரேணு: டப்பா அடுப்பு பக்கத்துல கீது, உருகிடும். ஓரமா வைக்கிறேன். நீங்க போய் உங்க கோழிய திருப்புங்க, சத்தம் நின்னு போச்சு.

புகழேந்தி: பாத்தியா, உனக்கும் கேக்குது!

ரேணு: நான் கீழ போய் வாழை இலைய எடுத்துனு வரேன். குழம்பையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க.

புகழேந்தி: போ போ. நான் இங்கதான இருக்கேன்.

வல்லரசு: மாடியில யாரு? வீட்டுக்கு தீ வச்சுட்டீங்களா மாப்ள?

புகழேந்தி: வாங்க மச்சான்! படி பாத்து வாங்க, கைப்பிடி இன்னும் போடல.

வல்லரசு: அப்பாடி... மூச்சு வாங்குது. எல்லாரும் கீழ சமைச்சு மாடியில தூங்குவாங்க. நீ ஒருத்தன்தான் மாடியில சமைக்கிற. ஆமா, இன்னாப்பா கருகுது?

புகழேந்தி: கருகுதா? எங்க?

வல்லரசு: இங்கதான். உன் பக்கத்துலதான். அந்தக் குழம்பு...

ரேணு: அண்ணா! வா வா. அது... அது தேங்கா மட்டைண்ணா. நெருப்பு புடிக்க போட்டோம்ல, அந்தப் பொகை. மாமா, கொஞ்சம் நகருங்க, நான் சட்டிய இறக்கிடறேன். நான்தான் நீங்க குழம்பு பக்கம் வரவே வராதீங்கன்னு சொல்லியிருந்தேனே.

புகழேந்தி: நீதான பாத்துக்கச் சொன்ன...

ரேணு: கோழிய பாத்துக்கோங்கன்னேன்.

வல்லரசு: ...ஓ. மட்டையா? சரி சரி. மட்டைதான். மட்டை வாசனதான் அது.

புகழேந்தி: அடி புடிச்சுடுச்சா ரேணு?

ரேணு: லேசா. மேலாக்க எடுத்து வேற சட்டியில மாத்திட்டா தெரியாது. உக்காருண்ணா. அந்த ஸ்டூல எடுத்துக்கோ.

வல்லரசு: ஜெராக்ஸ்காரன் காலைலயும் ஃபோன் பண்ணான் மாப்ள. அட்வான்ஸ் எப்ப குடுக்கட்டும்னு. நான் சொன்னேன், இன்னிக்கு சாயங்காலம் எனக்கு ஒரு எடத்துல சாப்பாடு இருக்கு, சாப்ட்டு சொல்றேன்னு.

புகழேந்தி: சாப்டுங்க மச்சான். மனசுல ஒண்ணும் வச்சுக்காம சொல்லுங்க.

வல்லரசு: நான் எப்ப மனசுல வச்சிருக்கேன்?

ரேணு: அண்ணா, மாமா ஒரு கத சொன்னாரு. அர்ஜென்டினான்னு ஒரு நாட்ல, கறி சுட்டவங்களுக்கு எல்லாரும் எழுந்து கை தட்டுவாங்களாம்.

வல்லரசு: கறிக்கா? நம்ம ஊர்ல மந்திரி வந்தாலே பாதி பேரு தட்ட மாட்டான்.

புகழேந்தி: இலைய போடு ரேணு. படைச்சுடலாம். செங்கம் எந்தப் பக்கம்?

வல்லரசு: பொழுது எறங்குது பாரு, அந்தப் பக்கம்.

ரேணு: சூடம் ஏத்துண்ணா. நீ பெரியவன்.

வல்லரசு: வேடியப்பா... உன் புள்ளைங்க புதுசா ஒண்ணு ஆரம்பிக்குதுங்க. கூட இருப்பா. நடுவுல வுட்டுடாத. ரேணு, நீ வேண்டிக்கோ.

ரேணு: வேண்டிக்கினேன்.

வல்லரசு: இன்னா இம்மாம் நேரம் கண்ண மூடிக்கினு இருக்க? வேடியப்பன் சாப்ட்டு கை கழுவிட்டு போயிட்டாரு. எனக்குப் பசிக்குது.

ரேணு: இந்தா. மொதல்ல சுட்டது. சூடா கீது, பாத்து.

புகழேந்தி: எலும்புகிட்ட இருக்கறத கடிங்க மச்சான்.

வல்லரசு: பேசாம இருப்பா.

புகழேந்தி: மச்சான்?

வல்லரசு: இரு. முழுங்கிட்டு சொல்றேன்.

புகழேந்தி: ரேணு, உங்க அண்ணன் மூஞ்சிய பாத்து ஒண்ணும் புரியலையே.

ரேணு: எனக்கும்தான் மாமா. நெஞ்சு அடிச்சுக்குது.

புகழேந்தி: உனக்கேன் அடிச்சுக்குது? எனக்கு அடிச்சுக்கிட்டா அர்த்தம் இருக்கு.

வல்லரசு: குழம்ப ஊத்து. சோத்துல இல்ல, சும்மா கிண்ணத்துல... ம்... யம்மா. காரம். ஆனா காரம் வந்து அப்பால கறி வருது. கறி எங்கயும் போவல.

ரேணு: உப்பு?

வல்லரசு: இன்னொரு பீஸு வை.

ரேணு: உப்பு எப்டிண்ணா?

வல்லரசு: உப்பு கம்மியா இருந்தா நான் இன்னும் உக்காந்துனா இருப்பேன்? மாப்ள, நெருப்பு பிரமாதம்பா. எலும்புல ஒட்டுன சதை கூட வெந்து கீது, சாறு போவல. மசாலாவுல இந்த சீரகம்... வறுத்து இடிச்சுப் போட்டதுதான?

புகழேந்தி: சீரகமா?

வல்லரசு: ஆமாப்பா. எங்கம்மா கோழிக்கு இடிக்கிற மாதிரி. மூக்குலயே நிக்குதே.

புகழேந்தி: நான்... சீரகம்...

ரேணு: அவரு எதுனா புதுசு புதுசா போடுவாரு. இன்னும் கொஞ்சம் குழம்பு?

வல்லரசு: போதும். எழுந்துக்குறேன்.

புகழேந்தி: இன்னா மச்சான் எழுந்துட்டீங்க! இலைய மடிக்கல, கிண்ணம் மீதி இருக்கு...

வல்லரசு: உங்க அர்ஜென்டினாவுல எழுந்துதான தட்டுவாங்க? இந்தா... தட்டிட்டேன். நல்லா கேட்டுச்சா? கை எல்லாம் எண்ணெ.

புகழேந்தி: போதும் போதும் மச்சான், கூச்சமா இருக்கு!

ரேணு: கவியா அம்மா பாக்குறாங்கண்ணா...

வல்லரசு: பாக்கட்டும். இந்தா ரேணு, புடி. சட்டர் சாவி. துரு ஏறி கீது, ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டுக்கோ. ஜெராக்ஸ்காரனுக்கு நான் சொல்லிக்கிறேன். ஒரு லெக் பீஸ தட்டுல வை, கீழ போய் கவிநிலாவுக்கு ஊட்டிட்டு கை கழுவினு வரேன்.

ரேணு: காரம்ணா அவளுக்கு.

வல்லரசு: மாமன் ஊட்டுனா காரம் தெரியாது.

ரேணு: அண்ணன் போயிடுச்சு. இன்னா மாமா, சிலையாட்டம் நிக்கிறீங்க? சாவி கெடைச்சுடுச்சு!

புகழேந்தி: ரேணு.

ரேணு: ம்.

புகழேந்தி: நான் சீரகம் போடல.

ரேணு: தெரியும்.

புகழேந்தி: கீறலும் நான் போட்டது இல்ல.

ரேணு: நேராத்தான் போடணும்னு பாத்தேன். அவசரத்துல கை சரிஞ்சுடுச்சு.

புகழேந்தி: இது வேற கோழியா?

ரேணு: நீங்க கரி வாங்கப் போனப்போ ஓடிப்போய் வாங்கினு வந்தேன். கறிக்கடையில ரோடு வரைக்கும் கும்பல். உங்க கோழிக்கு காலைல ஒரு தடவ உப்பு போட்டீங்க. ஃபோன் வந்துச்சு, பேசிட்டு வந்து இன்னொரு தடவ போட்டீங்க. பழைய மாமாவா இருந்தா ரெண்டாவது தடவ டப்பாவ தொடும்போதே மூக்கு சொல்லியிருக்கும்.

புகழேந்தி: நீ ருசி பாத்தியா? படையலுக்கு முன்னாடி?

ரேணு: வேடியப்பன்கிட்ட சொல்லிட்டுதான் கிண்ணத்துல ஒட்டியிருந்தத வழிச்சுப் பாத்தேன். கடல் தண்ணி. ஆனா இன்னிக்குப் படைச்சது என் நாக்குல படல மாமா. கோழியும் சரி, குழம்பும் சரி. நீங்க சொல்லிக் குடுத்தபடி மோந்து பாத்தே உப்பு போட்டேன். குழம்ப நீங்க மோந்து பாத்து கச்சிதம்னீங்களே... அப்ப அதுல உப்பே போடல.

புகழேந்தி: ...எப்பலேருந்து தெரியும்?

ரேணு: கருவாடு வறுத்தா நாத்தம் தாங்காம தெருமுனைக்கு ஓடற ஆளு நீங்க. வந்த வாரம் வறுத்தேன். அடுப்பு பக்கத்துலயே உக்காந்துனு ஃபோன் பாத்துனு இருந்தீங்க. நான் கரண்டியும் கையுமா உங்களையே பாத்துனு நின்னேன். நிமிரக்கூட இல்ல.

புகழேந்தி: அந்த ஜுரத்துலதான் போச்சு ரேணு. உப்பு இல்ல, புளிப்பு இல்ல, வாசன இல்ல. காரம் ஒண்ணுதான் எரியுது. அது ஒண்ணுதான் நான் சாப்டறேன்னே எனக்கு சொல்லுது. அதான் இன்னும் ரெண்டு மிளகா, இன்னும் ரெண்டு மிளகான்னு...

ரேணு: ஏன் மாமா சொல்லல?

புகழேந்தி: எப்டி சொல்றது? கப்பல்ல கெட்ட மீன நல்ல மீனுன்னு அனுப்பிட்டேன். பெரிய குக் நடுவுல பாத்துட்டாரு. நீ வீட்டுக்குப் போய் ஓய்வெடுன்னு தோள தட்டி அனுப்பிட்டாங்க. வாசன வந்தாலும் வரும், வராமலும் போவும்னாரு கப்பல் டாக்டர். மூக்கு இல்லாத சமையக்காரன் யாருக்கு வேணும்? நீயும் அப்டி பாத்துட்டா...

ரேணு: நான் எப்டி பாப்பேன்? லூசா நீங்க? மெட்ராஸ்ல பெரிய டாக்டர்கிட்ட போவோம். வந்தா வரட்டும். வர்ற வரைக்கும் என் மூக்கு எதுக்கு கீது? நெருப்பு உங்க காதுக்கு. மசாலா என் மூக்குக்கு.

புகழேந்தி: ...சீரகம் எப்டி இருந்துச்சு?

ரேணு: வறுக்கும்போது வீடே எழுந்து உக்காந்துச்சு. கடைசியில மண்ணு மேல மொத மழை வுழுந்தாப்ல ஆச்சு.

புகழேந்தி: ஆங்... ஞாபகம் இருக்கு அது.

ரேணு: தினம் சொல்றேன். மறக்க வுட மாட்டேன்.

புகழேந்தி: மச்சான்கிட்ட சொல்லிடணும். இப்பவே. மூக்கு செத்தவன நம்பி சாவிய குடுத்துட்டாரு. அது ஏமாத்தறது.

ரேணு: சாவிய யாரு கையில குடுத்துச்சு?

புகழேந்தி: உன் கையில. நான் இந்தப் பக்கம் கரிய கிளறினு இருந்தேன், அதனால...

ரேணு: கை தட்டும்போது யாரப் பாத்துனு தட்டுச்சு?

புகழேந்தி: உன்னப் பாத்துனு...

ரேணு: அண்ணனுக்குத் தெரியும் மாமா. கருவாடு வறுத்த மறுநாளே போய் அழுதுட்டேன். உன் கையால மசாலா வருதான்னு பாக்கறேன், வந்தா இடம், வரலன்னா தங்கச்சின்னும் பாக்க மாட்டேன்னு சொல்லுச்சு. உங்ககிட்ட மூச்சு வுடக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். இன்னிக்கு பரிச்ச உங்களுக்கு இல்ல. எனக்கு.

புகழேந்தி: ...இந்தக் கிண்ணத்த கொஞ்சம் புடி.

ரேணு: எதுக்கு? காரம் பத்தலையா?

புகழேந்தி: ரெண்டு கையும் வேணும். தட்டணும்.